ஐந்து மில்லிமீற்றர் ஆழம்

பயொப்சிப் பதிவேட்டில் ஒரு நோயாளிக்கு ஒரு வரிதான். இலக்கம், பெயர், வயது, முகவரி, எந்த உறுப்பில் எடுத்த துண்டு, அனுப்பிய வைத்தியர், கடைசியில் நோயின் பெயர். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வடக்கின் ஓர் ஆய்வுகூடத்தில் அந்தத் தடித்த புத்தகங்களை வரி வரியாக வாசித்தேன். உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று முடிகிற வரிகள் மட்டுமே எனக்குத் தேவை. அவற்றின் முகவரி நிரலில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக முகாம் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. மல்லாகம் கோணப்புலம் முகாம் என்று ஒன்று. அதே எழுத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

நான் தேடிப் போனது கிணறுகளை. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்கு மட்டும் ஓடுவது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது, அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடுகிற யூரியாவும், வீட்டு மலசலகூடக் குழிகளில் இருந்து கசிவதும் கடைசியில் போய்ச் சேருகிற இடமும் அதே நீர்தான். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தோட்டக் காணிகளை அண்டிய பல கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டி நிற்பதைத் திரும்பத் திரும்ப அளந்து எழுதியிருக்கிறார்கள். நைத்திரேற்று உடலுக்குள் நைத்திரைற்றாகி, அதிலிருந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைத்திரோசமீன்கள் பிறக்கலாம். வடக்கில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் காணப்படுவதற்கும் இந்த நீருக்கும் தொடர்பு உண்டா என்பது 1980களில் இருந்தே ஆய்வாளர்கள் கேட்டுவரும் கேள்வி. ஊர் ஊராக நோயாளிகளை எண்ணி, ஊர் ஊராக நைத்திரேற்று அளவை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று போனேன்.

முகாம் என்ற சொல் அந்த வழியை அடைத்தது. முகாம்களில் இருந்தவை 1990இல் போரால் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள். மயிலிட்டியில் பிறந்த ஒருவர் அந்த வருடம் வரைக்கும் மயிலிட்டிக் கிணற்றில் குடித்தார். பிறகு உறவினர் வீட்டுக் கிணறு, அதன் பிறகு முகாம் கிணறு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது சாவகச்சேரியில் ஏதோவொரு கிணறு. புற்றுநோய் வளரப் பல வருடங்கள் எடுக்கும். இத்தனை கிணறுகளில் எதன் நீரைக் கணக்கில் எடுப்பது? பதிவேட்டில் இருப்பது துண்டு வெட்டிய அன்று அவர் படுத்தெழும்பிய இடம் மட்டும். எழுதியவரில் பிழையில்லை. கேட்டதற்கு வந்த பதிலைத்தான் எழுதியிருக்கிறார்.

என்னை வழிநடத்திய பேராசிரியரிடம் போனேன். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கேள்விக்கு இந்தப் புத்தகத்தில விடை இல்லைப் பிள்ளை. அதுக்கு நீங்கள் ஆக்களிட்டப் போய் அவையின்ர வாழ்க்கை முழுக்கக் கேக்க வேணும். இந்தப் புத்தகமும் இந்தப் பெட்டியளும் எந்தக் கேள்விக்கு விடை சொல்லும் எண்டு முதல் பாருங்கோ."

பெட்டிகள் என்று அவர் சொன்னது மெழுகுக் கட்டைகளை. வெட்டியெடுத்த சதைத்துண்டைப் போமலினில் போட்டு, நீர் அகற்றி, மெழுகில் புதைத்துச் சின்னக் கட்டையாக்குவார்கள். அதை மைக்கிரோரோமில் நாலு மைக்கிரோன் தடிப்பில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நீலமும் சிவப்பும் சாயமிட்டால்தான் ஸ்லைட். ஸ்லைட் வருடங்கள் போக மங்கும். கட்டை இருக்கும். முகவரி இல்லாவிட்டாலும் கட்டைக்குள் கட்டி அப்படியே இருக்கிறது.

உள்ளகப் பயிற்சி முடித்துப் பத்தோலொஜியில் தற்காலிக வேலையில் இருந்தபோதுதான் பேராசிரியரின் அந்தச் சொல்லுக்கு ஏற்ற கேள்வி கிடைத்தது. இலங்கை ஆண்களில் முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாயைச் சேர்ந்தது. வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் யாழ்ப்பாணப் புகையிலைத் துண்டும் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிற வழக்கம் எங்களுக்குத் தெரியாததல்ல, என் அம்மம்மாவுக்கும் இருந்தது. புகையிலை போடாவிட்டால் ஆபத்தில்லை என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். பாக்குத் தனியாகவே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. வாய்ப் புற்றுநோயின் கட்டத்தை வகுக்கும் விதி 2018 தொடக்கத்தில் மாறியது. அதுவரைக்கும் கட்டியின் அகலமே முக்கியம். அந்த விதிநூலின் எட்டாம் பதிப்பில் ஆழமும் சேர்ந்தது. இரண்டு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டி என்றாலும் ஐந்து மில்லிமீற்றரைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தால் அது முதல் கட்டத்தில் நிற்காது, இரண்டாவதுக்குப் போகும்.

இது கணக்கு விளையாட்டல்ல. கழுத்தில் நிணநீர்க் கட்டி எதுவும் தென்படாத வாய்ப் புற்றுநோயாளிக்கு முதல் சத்திரசிகிச்சையோடேயே கழுத்தையும் திறந்து நிணநீர்க் கணுக்களை எடுப்பதா, கட்டி தென்படும் வரை பொறுப்பதா என்பது பல காலமாகத் தீராத வழக்கு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை அதைத் தீர்த்துவைத்தது. 2015இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் முதலிலேயே எடுத்தவர்களில் 80 வீதமானோர் மூன்று வருடம் கடந்து உயிரோடிருந்தார்கள், பொறுத்திருந்தவர்களில் 67.5 வீதம். கட்டி எவ்வளவு ஆழம் என்பது இந்த முடிவோடு நேரே கட்டுண்டது. வெற்றிலைக் கன்னங்களைத் தினமும் பார்க்கிற நாட்டில் இருந்து வந்த விடை என்பதால் எனக்கு அந்தக் கட்டுரையின் மேல் தனிப் பிரியம். பணமும் புதுக் கருவியும் இருக்கிற இடத்தில்தான் ஆராய்ச்சி நடக்கும் என்று சொல்கிறவர்களுக்கு அதைத்தான் நீட்டுவேன்.

ஆக, என் கேள்வி இதுதான். ஆழம் எழுதப்படாத காலத்து வாய்ப் புற்றுநோய்க் கட்டைகளை மறுபடி வெட்டி, ஆழம் அளந்தால், எத்தனை கட்டிகளின் கட்டம் மாறும்?

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு எழுதி, பெயர்களை நீக்கி இலக்கமாக்கி, வேலையைத் தொடங்கினோம். 'தொடங்கினோம்' என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒருவர். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாத வருடங்களில் வேலை பழகியவர். சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து மைக்கிரோஸ்கோப் பார்த்த காலத்தை அவர் பெருமையாகவும் சொல்லமாட்டார், முறைப்பாடாகவும் சொல்லமாட்டார். பழைய ஸ்லைட்டை நான் நீட்டினால் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "சிவப்புப் போட்டுது பிள்ளை. கட்டையைத் தாங்கோ, புதுசா வெட்டித் தாறன்." யாழ்ப்பாண வெயிலில் மெழுகு இளகும். கட்டையை முதலில் ஐஸில் வைத்து இறுக்கிக்கொண்டுதான் சீவுவார். அவர் சீவிய துண்டில் சுருக்கமே இருக்காது.

அளப்பது எப்படி என்பதை முதல் வாரங்களில் படித்துக்கொண்டே இருந்தேன். கட்டியின் பக்கத்தில் இன்னும் கெடாமல் இருக்கும் வாயின் உட்தோலின் அடிச்சவ்வைக் கண்டுபிடித்து, அதன் மட்டத்தைக் கட்டிக்கு மேலால் ஒரு கோடாக நீட்டி, அங்கிருந்து மேசன்மார் தூக்குநூல் விடுவதுபோல நேரே கீழே இறக்கி, ஆகக் கடைசியாகப் போய் நிற்கும் புற்றுக் கலத்தில் முட்டும் தூரத்தை எடுக்க வேண்டும். வெளியே பூத்து நிற்கிற கட்டியின் உயரம் இதில் சேராது, புண்ணாகிக் குழிந்த கட்டியின் குழியும் கழியாது. ஆழமும் தடிப்பும் வேறு வேறு. அங்கேதான் ஆட்கள் ஒருவருக்கொருவர் மாறுபடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஸ்லைட்டையும் இரண்டு பேர், ஒருவர் அளவை மற்றவர் பாராமல், தனித்தனியே அளந்தோம். வேறுபட்டவற்றை மூன்றாவதாக ஒரு மூத்த வைத்தியரோடு சேர்ந்திருந்து தீர்த்தோம்.

கட்டைப் பெட்டிகளைப் பார்த்தபோது மலைபோல இருந்தது. வாயில் இருந்து கிள்ளியெடுத்த சின்னப் பயொப்சிகளில் ஆழம் அளக்க முடியாது. கட்டியின் அடி அதில் இருக்காது. எனவே சத்திரசிகிச்சையில் முழுதாக வெட்டியெடுத்தவை மட்டும். அவற்றில் சரிவாக வெட்டுப்பட்டவை போயின. பக்கத்துத் தோல் இல்லாதவை போயின. கட்டை கிடைக்காதவை போயின. மிஞ்சியது ஒரு சிறு தொகை. அந்தத் தொகையில் சில கட்டிகள் ஒரு கட்டம் மேலே ஏறின என்று எழுதினோம். எத்தனை நோயாளிகள் ஏன் வெளியே போனார்கள் என்பதைக் கட்டுரையின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தோம். இன்றைக்கும் அந்த வேலையில் எனக்கு ஆக விருப்பமான பகுதி அந்தப் பட்டியல்தான்.

அதன் பிறகுதான் மேற்படிப்பு. இலங்கையில் நோயியல் நிபுணராக விரும்புகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்து நுழைவுப் பரீட்சையை எழுதுவார். உள்ளே போவதைத் தீர்மானிப்பது பரீட்சை. ஆராய்ச்சி பயிற்சிக் காலத்துக்குள் வருகிறது, அதன் பிறகு ஒரு வருட வெளிநாட்டுப் பயிற்சியும் உண்டு. அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற நாலு வருடப் பத்தோலொஜி நிபுணத்துவப் பயிற்சிக்கு அப்படி ஒரு நுழைவுப் பரீட்சை இல்லை. மனுவைப் பார்ப்பார்கள், பிறகு கூப்பிட்டுப் பேசுவார்கள். 2019இல் அங்கே ஏறத்தாழ 600 முதலாண்டு இடங்கள் இருந்தன. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் நிரப்பியது அதில் மூன்றில் ஒரு பங்கை. மிச்சத்தில் பெரும்பகுதிக்கு எங்களைப் போல வெளிநாட்டில் படித்தவர்கள் போட்டியிடுகிறோம். முன்பு அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யூ.எஸ்.எம்.எல்.ஈ. முதற் பரீட்சைப் புள்ளி ஆளை ஆளிடமிருந்து பிரித்துக் காட்டியது. 2022 ஜனவரியில் அது சித்தி, சித்தியின்மை என்று மட்டும் ஆனது. புள்ளி போன இடத்துக்கு ஆராய்ச்சி வந்து உட்கார்ந்தது.

அதோடு வேறொன்றும் வந்தது. பணம் கட்டினால் கட்டுரையில் பெயர் சேர்க்கிறோம் என்று தொலைபேசியில் வருகிற அழைப்புகள். யாரோ சேர்த்த தரவு, யாரோ எழுதிய வசனம், பத்துப் பெயர்களில் ஏழாவது பெயர். ஒரு தம்பி என்னிடம், "அக்கா, எத்தனை பேப்பர் இருந்தால் காணும்?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது அவனில் அல்ல. உள்ளகப் பயிற்சியில் நித்திரை இல்லாமல் ஓடுகிற பிள்ளைக்கு, 2022இன் பொருளாதார நெருக்கடியில் சம்பளத்தின் பெறுமதி கண்முன்னே கரைந்ததைப் பார்த்த பிள்ளைக்கு, எண்ணிக்கையில்தான் வாழ்க்கை இருக்கிறது என்று நம்பவைத்தவர்களில்தான் கோபம். நோயியலில் இது மற்றத் துறைகளை விடக் கெடுதி. எங்கள் கையெழுத்துக்குக் கீழே வருகிற ஒரு வசனத்தை நம்பி ஒருவருடைய கன்னத்தை வெட்டுகிறார்கள், தாடையை எடுக்கிறார்கள். பாராததைப் பார்த்தேன் என்று எழுதுகிற பழக்கத்தை அந்தத் தொழிலின் வாசலிலேயே ஒரு பிள்ளைக்குப் பழக்கலாமா?

2023 செப்ரெம்பரில் நான் மனுச் செய்தேன். அந்தப் பருவத்தில் மனுப் படிவம் மாறியிருந்தது. அனுபவங்கள் பத்துக்கு மேல் எழுத முடியாது, அவற்றில் மூன்றை மட்டும் உனக்கு முக்கியமானவை என்று தெரிவுசெய்து விளக்க வேண்டும். பட்டியலை நீட்டிக் காட்டும் வழியை ஓரளவு அடைத்த நல்ல மாற்றம் அது. என் மூன்றில் ஒன்று ஆழம் அளந்த வேலை.

இன்ரர்வியூக்கள் சூமில் நடந்தன. யாழ்ப்பாணத்து இரவில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டுரை எந்தச் சஞ்சிகையில் வந்தது என்று எவரும் கேட்கவில்லை. ஒரு மூத்த நோயியலாளர் என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: அளக்க முடியாதவற்றை என்ன செய்தாய்? நான் அந்தப் பட்டியலைச் சொன்னேன். சரிவாக வெட்டுப்பட்டது என்று எதைக் கண்டு முடிவு செய்தாய் என்று அடுத்தது. அடிச்சவ்வுக் கலங்களின் படை ஓரிடத்தில் அடுக்காகத் தெரியாமல் வலைபோல விரிந்து தெரிந்தால் அது சரிவு என்றேன். அவர் சிரித்தார். மிச்ச நேரம் முழுக்க நாங்கள் இருவரும் அதையே பேசினோம், வாயில் இருந்து தோலுக்கும் தோலில் இருந்து கர்ப்பப்பைக் கழுத்துக்கும் போய். பரீட்சிக்கிறார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவருடைய தினசரி வேலையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி அனுபவம் நோயியல் மனுவுக்கு ஏன் இவ்வளவு பயன் என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான். இதயத்தைப் படிக்கப் போகிறவர் ஆராய்ச்சிக்கு ஒரு வேலை செய்கிறார், வார்டில் வேறு வேலை செய்கிறார். நோயியலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலை. துண்டைப் பார்ப்பது, அது எதிலிருந்து வெட்டியது என்று நிச்சயப்படுத்துவது, வரைவிலக்கணத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது, அடங்காவிட்டால் அடங்கவில்லை என்று எழுதுவது, இன்னொரு கண்ணுக்குக் காட்டுவது. ஒரு சிறு ஆய்வைத் தன் கையால் செய்தவர் இதை ஏற்கனவே செய்திருக்கிறார். அதனால்தான் பெரிய ஆய்வில் பெயர் மட்டும் இருப்பவரிடம் இரண்டாவது கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது.

2024 மார்ச்சில் இடம் கிடைத்தது. விசாவுக்கு எங்கள் சுகாதார அமைச்சிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். இந்தத் துறையில் பயின்றவர் நாட்டுக்குத் தேவை, பயிற்சி முடித்துத் திரும்ப வேண்டும் என்ற அர்த்தத்தில். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த விசாவின் நிபந்தனை. அதை எப்படித் தவிர்க்கலாம் என்றுதான் பலரும் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் தவிர்க்க எதுவும் தெரியவில்லை. 1847இல் மசச்சூசெற்ஸில் இருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, உடற்கூற்றையும் சத்திரவைத்தியத்தையும் தமிழில் புத்தகமாக்கிவிட்டுப் போன அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனும் அனுப்பப்பட்டவர்தான். அனுப்பப்பட்ட இடத்தில் எதை விட்டுப்போனார் என்பதை வைத்து நாங்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறோம்.

இப்போது என்னோடு பேசுகிற தம்பி தங்கைகளுக்கு முதலில் நான் சொல்லுவது பேராசிரியர் சிவஞானசுந்தரத்தின் புத்தகத்தை எடுத்து வாசியுங்கள் என்று. நந்தி என்ற பெயரில் நாவலும் சிறுகதையும் எழுதிய அதே மனிதர், யாழ்ப்பாணத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்தவர், 2005இல் காலமானார். மருத்துவ மாணவருக்கும் இளம் வைத்தியருக்கும் ஆராய்ச்சி பழகுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு கைநூல் எழுதினார். ஒன்றுமில்லாத இடத்தில் இருந்துகொண்டு எதைக் கேட்கலாம் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது, தெல்லிப்பழையைப் பாருங்கள் என்பேன். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் ஆயிரக்கணக்கானோர் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்தது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனை. வடக்கின் நோயாளிகள் சிகிச்சைக்காக மகரகமைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்த நிலை அதனால் இளகியது. அங்கே வருகிறவர்களிடம் உட்கார்ந்து, எந்த ஊரில் பிறந்தீர்கள், 90க்கு முன் எங்கே குடித்தீர்கள், முகாமில் எத்தனை வருடம், கிணறா குழாய்க்கிணறா என்று ஆறுதலாகக் கேட்க ஓர் இளம் வைத்தியரால் முடியும். பணம் வேண்டாம். பொறுமையும் அனுமதியும் ஒரு நல்ல கேள்விக்கொத்தும் வேண்டும். அந்தத் தலைமுறைக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் போனால் அந்தக் கிணறுகளின் கணக்கும் போய்விடும். இதை ரெசிடென்சிக்காகச் செய்தாலும் எனக்குச் சந்தோசம்தான், செய்து முடித்தால் போதும்.

ஆழம் அளந்த வேலை என்னோடு நிற்கவில்லை. எக்ஸெல் அட்டவணையையும் அளக்கும் முறையை எழுதிய நாலு பக்கத்தையும் ஒரு தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் எனக்குப் பிந்திய வருடங்களின் கட்டைகளைத் தொடங்கியிருக்கிறாள், கூடவே வெட்டு விளிம்பில் புற்று இருக்கிறதா என்பதையும் சேர்த்து. போன மாதம் அனுப்பிய பட்டியலில் அவளுடைய அளவும் மற்றவருடைய அளவும் ஒத்துவராத ஸ்லைட்டுகளின் படங்கள் இருந்தன. ஒன்றில் அவள் சொல்வது 5.2, மற்றவர் 4.8. பக்கத்துத் தோலின் அடிச்சவ்வை இருவரும் வெவ்வேறு இடத்தில் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டிப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.